என் தங்கையின் திரையில் இன்னொரு கை

1

நாங்கள் மெல்பர்னுக்கு வந்து ஆறு வருடம் நிறைந்ததை இந்த வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. குடிவரவுத் துறை மட்டும் கவனித்தது. எங்கள் அனுமதி பற்றிச் சில விவரங்கள் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கே நிரப்பி, கேட்ட நகல்களையும் கேட்காத நகல்களையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். பணிக்காலம் முழுவதும் அடுத்தவர் விண்ணப்பத்தில் குறை கண்டுபிடித்தவன், தன் விண்ணப்பத்தில் குறை கண்டுபிடிக்க ஒருவனுக்கும் இடம் கொடுக்கமாட்டான்.

நாமக்கல் பக்கம் ஒரு போக்குவரத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். லாரிக்கு உயரம் எவ்வளவு இருக்கலாம், பின்பக்கம் எவ்வளவு நீளலாம், தகுதிச் சான்றுக்கு எந்தத் தாளை எதன் மேல் வைத்துக் குத்த வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இங்கே யாரும் தூக்கத்தில் எழுப்புவதில்லை. விழித்திருக்கும்போதும் கேட்பதில்லை. ஓட்டுநர் உரிமத்துக்கு நானே தேர்வு எழுத வேண்டியதாயிற்று. முச்சந்தியில் ஆரன் அடித்ததற்காக மதிப்பெண் குறைத்தார்கள். எங்கள் ஊரில் அடிக்காவிட்டால்தான் குறைப்பார்கள் என்று சொன்னேன். தேர்வாளர் பெண் மிக மரியாதையாகச் சிரித்து, மறுபடி வரச்சொல்லி நாள் குறித்துக் கொடுத்தாள்.

மகள் கவிதாவின் வீட்டில் இருக்கிறோம், நானும் என் மனைவியும். மாப்பிள்ளை காலையில் கிளம்பிவிடுவார். பேரன் பள்ளிக்குப் போய்விடுவான். கவிதா வாரத்தில் சில நாள் மாடி அறையில் உட்கார்ந்தபடியே அலுவலக வேலை பார்ப்பாள். கீழே எனக்கு ஓர் அறை, ஜன்னல், மேசை, மடிக்கணினி. பேரன் என்னை "தாத்தா, நீ வா" என்று கூப்பிடுகிறான். எங்கள் பக்கத்தில் கன்றுக்குட்டியைக்கூட "தள்ளி நில்லுங்க" என்றுதான் சொல்வோம். திருத்தினேன். "தாத்தா, நீ வாங்க" என்கிறான். அதற்கு மேல் திருத்தவில்லை.

மகள் என்னோடு பேசுவது இன்னும் சுருக்கம். "ஓகேப்பா", "லேட்டாகும்ப்பா", "சாப்டாச்சுப்பா." ஒரு நாளில் இந்த மூன்றும் ஒழுங்காக வந்துவிட்டால் அது நல்ல நாள்.

பூங்காவில் எனக்கு ஒரு நண்பர் உண்டு, திருச்செங்கோட்டுக்காரர். அவருக்கு ஊரிலிருந்து மாதாமாதம் பார்சல் வருகிறது. ஒரு தடவை எள்ளுருண்டை, ஒரு தடவை பருப்புப் பொடி. வந்ததும் அதைப் பற்றி நடைபாதை முழுக்கப் பேசுவார். கேட்டுக்கொண்டே நடப்பேன். பொறாமைப்பட்டதில்லை. அவருக்கு ஊரிலிருந்து டப்பாக்கள்தான் வருகின்றன, நானோ ஊருக்கே போய்வருகிறேன் என்ற எண்ணம் உள்ளே இருந்தது. எப்படிப் போய்வருகிறேன் என்பதை இனிச் சொல்கிறேன்.

2

என் தங்கை மல்லிகாவும் அவள் வீட்டுக்காரரும் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார்கள். கம்பெனியிலிருந்து எஞ்சினும் சட்டகமும் மட்டுமான வெறும் சேஸிஸாக வரும் வண்டி, இவர்களிடம் வந்த பிறகுதான் கேபினும் பலகையும் பூசிய நிறமுமாக லாரி ஆகிறது. வீட்டுக்காரர் வெளியே வெல்டிங் பொறியோடு நிற்பார். மல்லிகா உள்ளே ஒரு மின்விசிறிக்கு அடியில் கணினியோடு உட்கார்ந்திருப்பாள். மதிப்பீடு, ரசீது, வரிக் கணக்கு, வாடிக்கையாளருக்குக் காட்டும் படங்கள், எல்லாம் அந்தக் கணினியில்தான்.

இங்கே வந்த முதல் வருடத்தில், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினியைத் திறந்து இயக்கும் மென்பொருள் ஒன்றை அவள் கணினியில் போட்டுவைத்தேன். கம்ப்யூட்டர் விற்றவர் நேரில் வந்து அவளுக்கு உதவினார், நான் தொலைபேசியில் அவருக்கு உத்தரவு போட்டேன். அந்தக் கணினிக்கு ஓர் எண். அந்த எண்ணோடு ஒரு கடவுச்சொல். இரண்டையும் இங்கே கொடுத்தால் மல்லிகாவின் திரை என் திரையில் விரியும். என் சுட்டெலியை இங்கே நகர்த்தினால் அங்கே அம்புக்குறி நகரும். அவள் அருகில் இல்லாவிட்டாலும் நுழையலாம். கடவுச்சொல்லையோ அனுமதிகளையோ மாற்றுவது நான்தான் என்பதை உறுதிசெய்ய என் கைப்பேசிக்கு ஒரு குறியீடு வரும், அதையும் போட வேண்டும். யார் பார்க்கலாம், யார் இயக்கலாம், யார் கோப்பை எடுக்கலாம் என்று தனித்தனியாக அனுமதி கொடுக்கும் வசதியும் உண்டு. எங்கள் அலுவலகத்தில் இவ்வளவு ஒழுங்கு இருந்திருந்தால் நான் இன்னும் சில வருடம் சந்தோஷமாக வேலை செய்திருப்பேன்.

ஆரம்பத்தில் மல்லிகா வாரத்துக்கு நாலு தடவையாவது கூப்பிடுவாள். "அண்ணா, பிரிண்டு வரமாட்டேங்குதுங்க." "அண்ணா, நேத்துப் போட்ட பில்லக் காணமுங்க." கூப்பிட்ட நிமிடத்தில் நான் அங்கே இருப்பேன். திரையின் மூலையில் நாமக்கல் வெயில் எத்தனை டிகிரி என்று போட்டிருக்கும். இங்கே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு அந்த வெயிலைப் படிப்பேன். இணைப்பு திடீரென்று அறுந்தால் அங்கே கரண்ட் போய்விட்டது என்று பொருள். பக்கத்துப் பட்டறைக்குத் தெரியும் முன்பே மெல்பர்னுக்குத் தெரிந்துவிடும். திருச்செங்கோட்டு நண்பரிடம் இதை ஒரு தடவை சொன்னேன். அவர் எள்ளுருண்டையை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

பாதுகாப்பு விஷயத்தில் நான் சலுகை காட்டுவதில்லை. அவசரத்துக்கு என்று கடவுச்சொல்லை மல்லிகாவுக்குச் சொல்லிவைத்தேன். கூடவே, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்பவனுக்கும், கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்பவனுக்கும், வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்றும் சொன்னேன். மாதம் ஒருமுறை கணினியைத் துப்புரவு செய்வேன். அவள் திரை முழுக்க இறைத்துவைத்திருக்கும் கோப்புகளை வருடம், மாதம், வண்டி எண் வாரியாக அடுக்கிவிட்டு வருவேன்.

போன வருடக் கடைசியிலிருந்து அழைப்புகள் குறைந்தன. வாரத்துக்கு ஒன்று ஆயிற்று. அப்புறம் அதுவும் நின்றது. நானே கூப்பிட்டுக் கேட்டால், "எல்லாம் நல்லா ஓடுதுங்கண்ணா" என்பாள். என் துப்புரவின் பலன் என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

3

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இங்கே பிற்பகல், அங்கே காலை. சும்மா ஒரு பார்வை பார்க்கலாம் என்று, சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்தேன். நான் எதையும் தொடவில்லை. ஆனால் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது.

மல்லிகாவாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் மல்லிகா ஓர் எழுத்தைத் தேடி எடுப்பது அரிசியில் கல் பொறுக்குவதுபோல இருக்கும். இந்தக் கை வேறு. லாரி முகப்பின் படம் ஒன்றைத் திறந்தது. கேபினுக்கு மேலே நெற்றிப் பகுதியைப் பெரிதாக்கியது. மஞ்சளை மாற்றிக் குங்குமச் சிவப்பு வைத்தது, பூ வேலைப்பாட்டை இரண்டு பக்கமும் சமமாக இழுத்தது. மின்னல் வேகம். படத்தின் நடுவில் 'அங்காள' என்று எழுத ஆரம்பித்தது.

மல்லிகாவைக் கூப்பிட்டேன். அவள் தொலைபேசியில் வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டேன். அதே.

எவனோ ஒருவன் என் தங்கையைப் பேச்சில் இழுத்துவைத்துக்கொண்டு கணினிக்குள் புகுந்திருக்கிறான். இப்படித்தான் செய்வார்கள் என்று எத்தனையோ எச்சரிக்கைகள் படித்திருக்கிறேன். முதலில் படம் வரைந்து காட்டி நம்பவைப்பான், பிறகு வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொல்வான். நான் பதறவில்லை. நடைமுறை தெரிந்தவன் பதறமாட்டான். எதிர்முனைத் திரையை இருட்டாக்கினேன். அங்கிருக்கும் விசைப்பலகையையும் சுட்டெலியையும் பூட்டினேன். அந்த இன்னொரு இணைப்பை வெட்டினேன். கடவுச்சொல்லை மாற்றினேன். எல்லாம் வரிசைப்படி.

மாற்றி முடித்து நிமிர்ந்தபோது மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அத்தை, அங்க இருட்டாயிருச்சுங்களா? எனக்குங் கட்டாயிருச்சுங்க. இருங்க, பாக்கறேன். அவுங்கள அங்கயே நிக்கச் சொல்லுங்க. இப்ப வந்துரும்னு சொல்லுங்கத்தை."

கவிதாவின் குரல்தான். ஆனால் இந்தக் குரலை நான் இந்த வீட்டில் கேட்டதில்லை. 'ஓகேப்பா' பேசும் வாயில் இவ்வளவு 'ங்க' இருந்திருக்கிறது. பின்னாலேயே ஒரு சிரிப்பு. "அய்யோ, நானெதும் பண்ணலீங்க. உங்க ஊட்டுக்காரரு வெல்டிங் வயரப் புடுங்கீட்டாரான்னு பாருங்க."

திரையை வெளிச்சமாக்க எனக்கு ஒரே ஒரு சொடுக்குப் போதும். நடைமுறை தெரியும், கை அருகிலேயே இருந்தது. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். என்னை விட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் இருக்கும் இதே வீட்டில், என் தலைக்கு மேலே. அந்த நினைப்போடு, அசையாத திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மாடியில் கவிதாவின் குரல் பதறத் தொடங்கிய பிறகுதான் சொடுக்கினேன்.

அதற்குள் அங்கே காரியம் கெட்டுவிட்டது.

4

கெட்டது என்ன என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சென்னைக்குக் குடிபெயர்ந்தவர்கள் படிக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன். புது லாரிக்கு நெற்றியில் குலதெய்வத்தின் பெயரை எழுதும் காரியம் சும்மா பெயின்டரிடம் சொல்லிவிட்டுப் போகிற காரியம் அல்ல. குடும்பமாக வருவார்கள். நல்ல நேரம் பார்ப்பார்கள். மல்லிகாவின் பட்டறையில் இப்போது முதலில் கணினித் திரையில் எழுதிக் காட்டுகிறார்கள். சாமி பெயர் திரையில் முழுதாக வந்ததும் கற்பூரம் காட்டிவிட்டு, அப்புறம்தான் பெயின்டர் தூரிகையைத் தொடுவார்.

அன்று வந்திருந்தது வாழப்பாடிக் குடும்பம். லாரி வாங்கிய மனிதர், அவர் மனைவி, அவருடைய அம்மா. ராகு காலம் வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று விடியற்காலையிலேயே கிளம்பி வந்தவர்கள். அந்த அம்மா கையில் கற்பூரத்தோடு திரைக்கு முன்னால் நின்றிருக்கிறார். 'அங்காள' என்பதற்கு மேல் எழுத்து வரவில்லை. திரை கறுத்துப்போய்விட்டது.

"அங்காளம்மா கண்ண மூடிக்கிட்டா" என்று சொல்லிவிட்டு அவர் கற்பூரத்தை மடியில் கட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டாராம். மகன் பின்னாலேயே போய், வண்டியை ஓட்டிக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விடலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். மல்லிகாவின் காதில் விழும்படிதான் கேட்டிருக்கிறார். நாமக்கல்லில் அடுத்த பட்டறைக்கு வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓட்டவேண்டிய அவசியமே இல்லை, தள்ளியே கொண்டுபோகலாம். ஒரு குடும்பம் சகுனம் சரியில்லை என்று ஒரு பட்டறையை விட்டுப் போனால், அந்தப் பேச்சு அவர்கள் சொந்தக்காரர்களின் லாரிகளையும் கூட்டிக்கொண்டுதான் போகும்.

மல்லிகா என்னைக் கூப்பிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும்.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளு."

"இருட்டாக்குனது நீங்கதானுங்களா?"

"யாரோ உள்ளே புகுந்துட்டான்னு நினைச்சேன். பாதுகாப்பு நடவடிக்கை."

"செரிங்க. கவிதாகிட்ட இருந்து பாதுகாப்புங்களா?"

"கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. யாருக்கும்னா வெளியாளுன்னு நெனச்சுப்போட்டனுங்க. அவ நம்மூட்டுப் புள்ளைங்களே."

இதற்கு நடைமுறைப்படி பதில் உண்டு. அதைச் சொல்லவில்லை. வேறொன்று வாயில் வந்துவிட்டது.

"நான் எதைச் செஞ்சு குடுக்கலைன்னு அவளைக் கூப்பிட்டே?"

மல்லிகா வெல்டிங் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து பேசினாள்.

"நீங்க நல்லாத்தானுங்கண்ணா செய்யறீங்க. ஆனா நீங்க உள்ள வந்தா ஆடிட்டுக்கு ஆளு வந்தாப்பல இருக்குதுங்க. ஒரு பேப்பரு எடுத்துக் குடுங்கன்னா, இருக்கற பேப்பரயெல்லாம் அடுக்கி வெச்சுட்டுத்தான் போவீங்க. அப்பறம் எனக்கு எங்கயும் எதும் கெடைக்கறதில்ல. பழய பில்லப் பாத்துட்டு, எதுக்கு இந்தப் பார்ட்டிக்கு அவ்வளவு கொறச்சுப் போட்டேன்னு வேற கேப்பீங்க."

"அவ என்ன செய்யறா?"

"அவ வேலையும் செய்யறா, பேசிக்கிட்டும் இருக்கறா. புது ஆபீசு வேலையில அவளுக்கு நிக்க நேரமில்ல. அப்படியும் நாங் கூப்புட்டா எடுத்துருவா."

"எந்தப் புது ஆபீஸ்?"

மல்லிகா சட்டென்று, "அண்ணா, அவுரு கூப்புடறாருங்க, வாரேன்" என்று வைத்துவிட்டாள்.

5

சமையலறையில் மனைவி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"கவிதா வேலை மாறிட்டாளா?"

"ஆமா. பொங்கலுக்கு முன்னாடியே."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்களே."

"அவ மல்லிகாவோட கம்ப்யூட்டரைத் திறந்து வேலை செய்யறது?"

"அதுந் தெரியும். மாடியில ரெண்டு பேரும் பேசறது சமையக்கட்டுக்கு நல்லாக் கேக்கும். எனக்கும் பொழுது போகுதுங்க."

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லலை?"

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்க எப்பவாச்சும் அவளக் கேட்டிருக்கீங்களா? அவ கீழ எறங்குனா பாஸ்வேர்டு மாத்துனயா, பூட்டுப் போட்டயா, எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதேன்னு சொல்லுவீங்க. அவளும் ஓகேப்பான்னுட்டுப் போயிருவா."

அன்று மாலை கவிதா இறங்கி வந்தாள். கதவருகில் நின்று, "அப்பா, புது பாஸ்வேர்ட் குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"அத்தைக்கு அந்த டிசைன முடிச்சுக் குடுக்கணும்."

"நானே முடிச்சுக் குடுக்கறேன்."

"உங்களுக்கு அந்த சாஃப்ட்வேர் தெரியாதுப்பா."

"கத்துக்குவேன்."

"ஓகேப்பா."

உண்மையிலேயே கற்றுக்கொள்ளப் பார்த்தேன். இரண்டு நாள் அந்தப் படம் வரையும் மென்பொருளோடு மல்லுக்கட்டினேன். ஒரு செவ்வந்திப் பூ போட்டேன், பேரன் பார்த்துவிட்டு "தாத்தா, ஆக்டோபஸ் நல்லா இருக்குங்க" என்றான். மரியாதை முழுமையாக வந்துவிட்டது. மகிழ முடியவில்லை.

அந்த இரண்டு நாளும் மாடியில் பேச்சுச் சத்தம் இல்லை. கடவுச்சொல் என்னிடம் இருந்தது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. பூட்டிய அலுவலகத்துக்கு ஒரே சாவி வைத்திருப்பவனைப்போல உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் மல்லிகாவின் திரையில் எதுவும் அசையவில்லை. வெயில் மட்டும் ஒரு டிகிரி ஏறி இறங்கியது. மாடியில் அவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள், புது அலுவலகத்தைப் பற்றி என்ன சொன்னாள், அத்தையிடம் சொல்ல முடிந்தது என்னிடம் ஏன் சொல்ல முடியவில்லை என்றெல்லாம் யோசித்துக்கொண்டே இருந்தேன். திருச்செங்கோட்டு நண்பருக்கு அந்த வாரம் முறுக்கு வந்தது. அதன் மேலும் பொறாமை வந்துவிட்டது. முறுக்கின் மேல் பொறாமைப்படுமளவுக்கு வந்துவிட்டேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மூன்றாவது நாள் மல்லிகா கூப்பிட்டாள். குரலில் மரியாதை பழைய அளவுக்கு இறங்கியிருந்தது. அது நல்ல அறிகுறி.

"அண்ணா, வாழப்பாடிக்காரங்க போகலீங்க. இவரு போயிக் கையப் புடிச்சு, யாரோ தெரியாம இருட்டாக்கிட்டாங்கன்னு பேசிட்டு வந்தாரு. வர்ற புதங்கெழமை மறுபடியும் வாராங்க. ஆனா அந்தம்மா ஒரு கண்டிசன் போட்டிருக்காங்க."

"என்ன?"

மல்லிகா தயங்கினாள். பிறகு அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள், வாழப்பாடிப் பேச்சிலேயே: "'இருட்டாக்கின ஆளு கை இதுல படவே கூடாது. சாமி பேர எழுத ஆரம்பிச்ச அந்தப் பொண்ணு கையாலயே முடிக்கணும்.' அப்படீங்கறாங்கண்ணா. நான் என்னத்தச் சொல்லட்டுங்க?"

எத்தனையோ ஆட்சேபணைக் கடிதங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இதற்கு எந்த விதியின் கீழ் பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

"புதன்கிழமை எழுதுவான்னு சொல்லு" என்றேன்.

பிறகு உட்கார்ந்து செய்ய வேண்டியதைச் செய்தேன். கவிதாவின் பெயரில் தனி அனுமதி உருவாக்கினேன். பார்க்கலாம், இயக்கலாம், கோப்பை எடுக்கலாம், எல்லாம் கொடுத்தேன். அடுத்து என் பெயருக்கு வந்தேன். 'இயக்கலாம்' என்பதை நீக்கினேன். 'திரையை இருட்டாக்கலாம்' என்பதை நீக்கினேன். 'பார்க்கலாம்' என்பதை மட்டும் விட்டுவைத்தேன். அரசுப் பணியில் ஒருவர் தன் அதிகாரத்தைத் தானே குறைத்து ஆணை பிறப்பித்து நான் கண்டதில்லை. மாடிக்குப் போய்க் கடவுச்சொல்லைக் கவிதாவிடம் வாயால் சொன்னேன். எதிலும் எழுதாதே என்றும் சொன்னேன். அந்த ஒன்றை விட முடியவில்லை.

6

புதன்கிழமை என் அறையில் உட்கார்ந்து மல்லிகாவின் திரையைத் திறந்தேன். இங்கே என் சுட்டெலியை எவ்வளவு தள்ளினாலும் அங்கே ஒன்றும் நகரவில்லை. கவிதா மாடியில் தொலைபேசியைச் சத்தமாக வைத்திருந்தாள். கதவைத் திறந்தே வைத்திருந்தாள். வேண்டுமென்றே திறந்துவைத்தாளா என்று எனக்குத் தெரியாது.

"அத்தை, வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க கண்ணு. கற்பூரத் தட்டும் ரெடி. நீ ஆரம்பி."

படம் திறந்தது. அம்புக்குறி நெற்றிப் பகுதிக்குப் போயிற்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பக்தியோடு ஒன்றும் பார்க்கவில்லை. தப்புத் தேடினேன். நெற்றி உயரம் விதிக்கு மேல் போகிறதா என்று அளந்தேன். போகவில்லை. எழுத்து நம்பர் பலகையை மறைக்கிறதா, விளக்கை மறைக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பிரதிபலிப்புப் பட்டைக்கு இடம் விட்டாளா என்று தேடினேன். சரியான இடத்தில் விட்டிருந்தாள். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சின்ன வயதில் சாப்பாட்டு மேசையில் நான் இதைத்தவிர வேறு எதுவும் பேசியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் ஒரு தப்பாவது கிடைத்திருக்கலாம்.

'அங்காளம்மன் துணை' என்று முழுதாக வந்தது. கவிதா கையை எடுத்துவிட்டாள். அம்புக்குறி ஓரத்தில் போய் நின்றது. அங்கே மணிச் சத்தம் கேட்டது. வெல்டிங் சத்தம் நின்றிருந்தது. திரை பளிச்சென்று இருந்தது. நான் இங்கே கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தும்.

பிறகு வாழப்பாடி அம்மாவின் குரல் தொலைபேசிக்கு மிகப் பக்கத்தில் வந்தது.

"நல்லாருக்குதும்மா. கண்ணு தொறந்துட்டா. ஆமா, இந்தப் பொண்ணு யாரு? எங்க இருந்து எழுதுது?"

"ஆஸ்திரேலியாவுல இருந்துங்கம்மா. எங்கண்ணன் மவளுங்க. எங்கண்ணன் ஆர்டிஓ ஆபீசுல இருந்தவருங்க."

"அப்படிச் சொல்லு. அதான் அளவெல்லாம் கச்சிதமா இருக்குது."

இருட்டாக்கிய ஆள் அதே அண்ணன்தான் என்பதை மல்லிகா சொல்லவில்லை. என் தங்கை கெட்டிக்காரி.

ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களில் 'தந்தை பெயர்' என்று ஒரு கட்டம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். நிரப்பாமல் விட்டால் திருப்பி அனுப்புவோம். நிரப்பியிருந்தால் அதை ஒருவரும் படித்ததில்லை. அன்று என் பெயர் அந்தக் கட்டத்தில் வந்து உட்கார்ந்தது, என் கை எதிலும் படாமல். சந்தோஷமா என்று கேட்டால், பொறாமை போய்விடவில்லை. 'அளவு கச்சிதம்' என்ற பாராட்டில் பாதி என்னுடையது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கவிதா இறங்கி வந்தாள். என் திரையில் இன்னும் அந்த லாரி நெற்றி இருந்தது.

"பாத்தீங்களாப்பா?"

"பார்த்தேன். 'துணை' கொஞ்சம் சின்னதாப் போட்டுட்டே."

அவள் சிரித்தாள். மாடியில் மட்டும் கேட்கும் சிரிப்பு. "நீங்க இதத்தான் சொல்லுவீங்கன்னு அத்தை நேத்தே சொன்னாங்க."

அவர்கள் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். நேற்றே. நான் மடிக்கணினியை மூடினேன்.

"வேற என்ன சொன்னா?"

கவிதா அலுவலக வேலை காத்திருந்த மாடிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு பேரனின் சின்ன நாற்காலியை இழுத்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.